மரணக் கிணறு ஆவணப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் ஆடி அமாவாசையையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு வந்த ஒரு மரணக் கிணற்றுக் குழுவோடு பதினெட்டு நாள் இருந்து, நாங்கள் மூன்று நண்பர்கள் 22 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தோம். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று நூலகங்களிலும் கல்லூரிகளிலும் ஊர் மன்றங்களிலும் போட்டுக் காட்டினோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய பதில்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் புரியும்.

மரணக் கிணறு என்றால் என்ன? நாங்கள் பார்த்ததே இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் நம் மாவட்டத்தில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகளே கேட்கிறார்கள். சரி, சொல்கிறேன்.

மரப்பலகைகளை நெட்டுக்குத்தாக வட்டமாக நிறுத்தி, வெளியே இரும்புச் சட்டங்களால் இறுக்கிய பெரிய தொட்டி அது. ஏறத்தாழ 30 அடி விட்டம், 25 அடி உயரம். தரையைத் தோண்டுவதில்லை, தரைக்கு மேலே கட்டுவதுதான். உள்ளே அடியில் மண் தரை. தரையும் சுவரும் சேரும் இடத்தில் சாய்வாக ஒரு பலகை வளையம் இருக்கும், அதைச் சரிவு என்பார்கள். ரைடர் முதலில் தரையில் சுற்றி, வேகம் பிடித்ததும் சரிவில் ஏறி, அங்கிருந்து செங்குத்துச் சுவருக்குப் போவார். பார்க்க வந்தவர்கள் வெளியே படியேறி, உச்சியில் சுற்றிக் கட்டிய மேடையில் நின்று கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பைக் சுற்றும்போது காலடியில் மேடை ஆடும். அந்த ஆட்டம்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது.

இதைப் படமாக எடுக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது?

ஆடி அமாவாசைக்குக் குழித்துறைத் தாமிரபரணி ஆற்றில் முன்னோருக்குப் பலி, அதாவது தர்ப்பணம், கொடுக்க அப்பா வருவார், என்னையும் கூட்டி வருவார். தாமிரபரணியில் குளித்து, தாத்தாவுக்குப் பலி போட்டு, ஈர வேட்டியோடு ஒரு சாயா குடித்துவிட்டுப் பொருட்காட்சிக்குள் போவோம். நகராட்சி நடத்தும் பொருட்காட்சி அது. பலா ஒட்டுக் கன்று, மா ஒட்டுக் கன்று, தென்னம்பிள்ளை வாங்கவே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஜனம் முழுதும் வரும். அப்பாவும் ஒரு பலாக் கன்று வாங்குவார். அப்புறம் மரணக் கிணறு. அந்தக் கன்றைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, "கைய உள்ள எடுடே" என்று என் சட்டைக் காலரைப் பிடித்தபடி அப்பா நின்றது எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது.

கீழே ஓட்டியவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆண்டுதோறும் நம் ஊருக்கு வந்து மூன்று வாரம் தங்கி, நம் கிணற்றில் தண்ணீர் கோரி, நம் கடையில் அரிசி வாங்கியவர்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், எப்படி அந்தச் சுவரைக் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தப் படம்.

பைக் எப்படி விழாமல் ஓடுகிறது?

பால் வாங்கப் போகும்போது தூக்குவாளியைத் தலைக்கு மேலே சுழற்றியிருப்பீர்கள். வேகமாகச் சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது. இங்கேயும் அதே கதைதான்.

பைக் நேராகப் போகத்தான் பார்க்கிறது. சுவர் அதை ஒவ்வொரு கணமும் உள்ளே திருப்புகிறது. அப்படித் திருப்ப, சுவர் டயரை உள்நோக்கி அழுத்த வேண்டும், டயரும் அதே அளவு சுவரை அழுத்தும். அழுத்தம் கூடக்கூட டயருக்கும் பலகைக்கும் இடையே உராய்வு கூடும். அந்த உராய்வுதான் பைக்கையும் ஆளையும் கீழே வழுக்காமல் தாங்குகிறது.

கணக்காகவும் பார்க்கலாம். 30 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு சுற்று ஏறத்தாழ 94 அடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அப்போது ரைடரின் உடலைச் சுவர்ப்பக்கமாக அழுத்தும் விசை அவர் எடையைப்போல் இரண்டரை மடங்கு அளவுக்கு வரும். 60 கிலோ ஆள் 150 கிலோவாகக் கனப்பார். உலர்ந்த பலகையில் நல்ல டயர் என்றால், மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கும்போது பிடி விடத் தொடங்கும். டயரில் மண்ணோ ஈரமோ எண்ணெயோ இருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் மாறிவிடும்.

ஆக, மெதுவாகப் போனால்தான் ஆபத்து. நாம் ரோட்டில் பழகியதற்கு நேர் எதிர். படத்தில் குழுவின் மூத்த ரைடரான பெரியவர், இளைய ரைடரைப் பார்த்து, "பயம் வந்தால் கை குறைக்காதே" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லும் இடத்துக்குப் பொருள் இதுதான்.

பக்கவாட்டில் ஓடும்போது பெட்ரோல் கொட்டாதா? இஞ்சின் நின்றுவிடாதா?

ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்ட நல்ல கேள்வி. வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத்தான் பைக் பக்கவாட்டில் கிடக்கிறது. பைக்குக்கு அப்படி இல்லை. சுவர்ப்பக்கம் இழுக்கும் விசை புவியீர்ப்பைவிட இரண்டரை மடங்கு என்பதால், டேங்கில் உள்ள பெட்ரோலுக்குச் சுவர்தான் "கீழே". கார்புரேட்டருக்கும் அப்படியே. ஏறக்குறைய சமதரையில் ஓடுகிற மாதிரிதான் இஞ்சின் ஓடும்.

ஒல்லியாக இருந்தால்தான் ஓட்ட முடியுமா?

இல்லை. எடை கூடினால் கீழே இழுப்பதும் கூடும், சுவரை அழுத்துவதும் அதே அளவு கூடும். 650 கிலோ மாருதி 800 காரையே இந்தச் சுவரில் ஓட்டுகிறார்கள்.

தலை சுற்றாதா? எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

சுற்றும். எல்லோருக்கும் சுற்றியிருக்கிறது. இளையவர் முதல் மாதம் வாந்தி எடுத்துக்கொண்டே பழகியதாகச் சொன்னார். முதலில் வண்டியே தர மாட்டார்கள். கிணற்றின் அடியில் ஓடச் சொல்வார்கள். அப்புறம் சைக்கிளில் சரிவில் ஏறி இறங்க வேண்டும். அதன் பிறகுதான் பைக், அதுவும் சரிவோடு சரி. சுவரில் முதல் அடி உயரம் ஏறுவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும்.

கண்தான் முக்கியம் என்கிறார்கள். முன்னால் பத்தடி தள்ளிப் பலகையைப் பார்க்க வேண்டும். மேலே ஜனத்தைப் பார்த்தால் தொலைந்தது. கழுத்தை வளையத்தின் போக்கிலேயே வைத்திருக்க வேண்டும், சட்டென்று திருப்பக் கூடாது. உடம்பு கனக்கும்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கப் பார்க்கும், கண் இருட்டும். அதனால் வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டுகிறார்கள். போர் விமானம் ஓட்டுபவர்களுக்கும் இதே பயிற்சி உண்டு. இவர்களுக்கு அதை ஒரு பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை, பெரியவர் சொல்லித் தந்தது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற மாட்டார்கள். முழுச் சாப்பாடு கடைசி ஆட்டம் முடிந்து இரவு பதினொன்றரைக்குத்தான்.

ஏன் ஹெல்மெட் போடுவதில்லை?

ரோட்டில் ஹெல்மெட் போடச் சொல்லும் நாட்டில் இதைக் காட்டலாமா என்று ஓர் ஆசிரியை கொஞ்சம் கோபமாகவே கேட்டார். ரைடர்கள் சொல்வதை அப்படியே தருகிறேன். ஒன்றரைக் கிலோ ஹெல்மெட், சுவரில் மூன்றரை, நான்கு கிலோவாகக் கனக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து ஆட்டம் ஓட்டுபவரின் கழுத்து தாங்காது. காது மூடினால் இஞ்சின் சத்தமும் பலகைச் சத்தமும் சரியாகக் கேட்காது. பக்கத்தில் வரும் இன்னொரு பைக் தெரியாது.

இந்தக் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுக் காரணம் இதுவல்ல என்று எனக்குப் படுகிறது. சுவரில் சுற்றியபடியே ரைடர் மேலே வந்து பிடுங்கிக்கொள்ள ஜனம் ரூபாய் நோட்டை நீட்டுவது வழக்கம், முகம் தெரிந்தால்தான் நீட்டும். எடை குறைந்த, காது மூடாத ஹெல்மெட் ஒன்றைச் செய்ய முடியாதா என்ன? கேட்கும் ஆள் இல்லை, அதனால் செய்யும் ஆளும் இல்லை. ரோட்டில் ஓட்டும் நமக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. போட்டே ஆக வேண்டும்.

படத்தில் எல்லா பைக்கும் ஆர்எக்ஸ் 100தானா?

இரண்டு யமஹா ஆர்எக்ஸ் 100, ஒரு பழைய யெஸ்டி. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-லிருந்து 1996 வரைதான் தயாரானது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், ஏறக்குறைய நூறு கிலோ எடை. திருகியதும் பாயும். சரிவிலிருந்து சுவருக்கு ஏற அந்தப் பாய்ச்சல் வேண்டும். மட்கார்டு, லைட், சைலன்சரின் உள்குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் அதே இடத்தில் நிற்கும்படி இறுக்கி வைத்திருப்பார்கள். கை விட்டு ஓட்டுவதும், பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்டுவதும் அதனால்தான் முடிகிறது.

உதிரி பாகத்துக்குத்தான் திண்டாட்டம். நம் பையன்கள் ஆர்எக்ஸ் 100-ஐ ஆசைக்கு வாங்கி மெருகேற்றி வைக்க ஆரம்பித்ததிலிருந்து பழைய வண்டியின் விலை ஏறிவிட்டது. பிழைப்புக்கு வாங்குபவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பாதிப் படம் பலகையைத்தான் காட்டுகிறீர்கள். சாகசத்தை ஏன் குறைத்தீர்கள்?

இந்தக் கேள்வி வராத திரையிடல் இல்லை. விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் நாங்களும் பைக்கைத்தான் எடுத்தோம். நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனபோது பெரியவர் மட்டும் கிணற்றுக்குள் இருந்தார். மைதானத்தில் எல்லோரும் அவரைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. உத்தரப் பிரதேசத்துக்காரர். பதினேழு வயதில் கிளம்பியவர், முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெற்கேதான் சுற்றுகிறார். கையில் மரச்சுத்தி. ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்கிறார். "டொக், டொக், டொக்" என்று போய் ஓரிடத்தில் "டப்" என்றது. நின்றார். திரும்பத் தட்டினார். வெளியே போய் அந்தப் பலகையின் பின்னால் இருந்த போல்ட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டு வந்து மறுபடி தட்டினார். இப்போது "டொக்".

முழுச் சுற்றும் முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆட்டம் ஒன்று பத்து நிமிடம்கூடக் கிடையாது. இந்த ஒரு மணி நேரம்தான் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்குகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. "உயிரைப் பணயம் வைத்து" என்று பொருட்காட்சி மைக்கில் அலறுகிறார்களே, அதைக் கேட்டு நாமும் இது ஏதோ விதியோடு விளையாடுவது என்று நினைத்துவிடுகிறோம். சாச்சா எதையும் பணயம் வைக்கவில்லை. இறுக்கி வைக்கிறார்.

இந்தப் பலகைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதியிருக்கிறது. பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் நிறுத்தும்போது வரிசை மாறக் கூடாது. ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையின் ஓரத்துக்குத் தக்கபடி தேய்ந்திருக்கும். இடம் மாறினால் நூல் கனத்துக்கு ஒரு பிசிறு தள்ளி நிற்கும், அது டயருக்குப் போதும். அடியில் மங்கலாக இந்தி எண், அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் நாம் எழுதும் எண், அதற்கும் மேலே சாக்பீஸ்.

பதினேழாம் எண் பலகை மட்டும் நிறம் வேறு. நாங்கள் இருந்தபோது பழையது வெடித்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு மரமில்லில் அயினிப் பலகை அறுத்து வாங்கினோம். வள்ளம் கட்டுகிற மரம், தண்ணீருக்கு அசையாது என்று ஆசாரி உறுதி சொன்னார். சாச்சா அயினியைப் பற்றி அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார், தோளில் சாய்த்து வைத்துத் தட்டிக் கேட்டார். அப்புறம்தான் தலையாட்டினார். அதை மாட்டிய அன்று முதல் ஆட்டத்துக்கு இளையவரை விடவில்லை. தானே ஏறினார்.

மழையில் ஆட்டம் உண்டா?

ஆடியில் குழித்துறை என்றாலே சாரல்தான். ஈரப் பலகையில் யாரும் ஏறுவதில்லை. மேலே தார்ப்பாய் இருந்தாலும் காற்றோடு வரும் சாரல் உள்ளே அடிக்கும். நின்றதும் சாக்காலும் பழந்துணியாலும் சுவர் முழுக்கத் துடைக்கிறார்கள், சரிவில் மரத்தூள் போட்டு அள்ளுகிறார்கள். ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். அதனால் மழை விட்ட மறுநாள் காலையில் தட்டிப் பார்ப்பது இன்னும் அதிக நேரம் பிடிக்கும். ஒரு நாள் ஆற்றின் சப்பாத்துத் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போயிற்று. அன்றும் மறுநாளும் ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாத நாளுக்குக் கூலி இல்லை.

மேலே வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போகிறாரே, அந்தப் பணம் யாருக்கு?

ரைடர்களுக்கு. டிக்கெட் பணத்தில் மைதான வாடகை, கரண்ட், லாரி, முதலாளி பங்கு எல்லாம் போய்விடும். ஓட்டுபவர்களுக்கு நாள் கூலி. நோட்டை இந்தக் குழுவில் இரவு ஒன்றாகக் கொட்டி, சுவரைத் துடைக்கும் பையன் வரைக்கும் பங்கு வைக்கிறார்கள். படத்தின் நடுவில் சுருங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை ஒருவர் தொடையில் வைத்து நீவுவது அந்த நேரத்தில் எடுத்தது.

பார்க்கப் போனால் என்ன கவனிக்க வேண்டும்?

நோட்டு கொடுப்பதாக இருந்தால் ஓர் ஓரத்தை விரல் நுனியால் லேசாகப் பிடித்து, கையை ஆட்டாமல் நீட்டுங்கள். இழுத்தால் உடனே விட்டுவிட வேண்டும். விளையாட்டுக்குக்கூடப் பிடித்து இழுக்காதீர்கள். நாணயம், தண்ணீர் பாட்டில், பூ எதையும் உள்ளே போடக் கூடாது. செல்போனை ஒற்றைக் கையில் சுவருக்கு உள்ளே நீட்டி வீடியோ எடுப்பவர்கள் இப்போது நிறைய. அது நழுவி விழுந்தால் கீழே வருவது ஆள். நாங்கள் இருந்த நாட்களில் இளையவர் அதிகம் பயந்தது இதற்குத்தான்.

உச்சியில் சிவப்புக் கோடும், அதற்கு மேலே சுற்றிலும் கனத்த ஒயர் ரோப்பும் இருக்கும். ரோப் தளர்ந்து தொங்கினாலோ, மேடையில் ஆள் நெருக்கியடித்தாலோ இறங்கி வந்துவிடுங்கள். அடுத்த ஆட்டம் பார்க்கலாம். பிள்ளைகளைத் தோளில் ஏற்றாதீர்கள்.

எந்தக் கேமரா? நாங்களும் இப்படிப் படம் எடுக்க ஆசை.

கேமரா பெரிதில்லை. பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்று, செல்போன் இரண்டு. பட்ட பாட்டைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருக்க.

மேடையில் ட்ரைபாட் வைக்காதீர்கள். பலகை அதிர்ந்து படம் முழுக்க நடுங்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கையில் பிடித்தால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் இரவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். இல்லாவிட்டால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் படத்தில் கோடு கோடாக ஓடும்.

என் செல்போனை பைக்கின் ஹேண்டில்பாரில் கட்டினோம். இரண்டு சுற்றுத்தான். அதற்கப்புறம் அந்த போன் கேமராவில் எதுவும் தெளிவாகத் தெரியவே இல்லை. பல போன் கேமராக்களுக்குள் ஆட்டத்தைச் சரிக்கட்டும் சிறிய பாகம் ஒன்று உண்டு, பைக் இஞ்சினின் அதிர்வு அதைக் கெடுத்துவிடக்கூடும். ஆக்‌ஷன் கேமரா இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

சத்தம்தான் கடினம். கிணற்றுக்குள் டூ ஸ்ட்ரோக் அலறுவதை எந்த மைக்கும் தாங்காது. ரெக்கார்டரைக் கிணற்றுக்கு வெளியே, பலகைக்குப் பின்னால் தரையில் வைத்தோம். பைக் நெருங்கி விலகும்போது மரம் முனகும் சத்தம் அப்படிக் கிடைத்ததுதான். படத்தின் ஆரம்பத்தில் இருட்டில் கேட்பது அது. இடி என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பொருட்காட்சி ஸ்பீக்கரில் எந்நேரமும் சினிமாப் பாட்டு ஓடும். அது பின்னணியில் விழுந்தால் யூடியூபில் ஏற்றியதும் உரிமை கேட்டு வந்து நிற்பார்கள். நல்ல காட்சிகள் நான்கை இதனாலேயே வெட்டினோம். பேட்டியைக் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

அனுமதி எளிதாகக் கிடைத்ததா?

ரைடர்களிடம் முதல் நாளே. அவர்களுக்குப் படித்துக் காட்டி, இந்தியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினோம். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் படத்தில் யாருக்கும் பெயர் போடவில்லை. மைதானப் பொறுப்பில் இருந்த ஒருவர் முதலில் சரி என்றுவிட்டு ஐந்தாம் நாள் மாட்டேன் என்றார். படத்தில் பழுது எதையாவது காட்டிவிடுவோம் என்று பயம். எடுத்ததை எல்லாம் அவருக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு மணி நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "இதை யாருடே பார்ப்பா?" என்று எழுந்து போய்விட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. அங்கே 1910-களில் பலகை போட்ட வட்டப் பாதையில் பைக் பந்தயம் பெரிய மோகம். அதைச் சிறிதாக்கித் திருவிழாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1911-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் சாய்ந்த சுவரோடு தொடங்கியது, சில வருஷங்களில் சுவர் முழுக்க நெட்டுக்குத்தாகிவிட்டது. இங்கிலாந்துக்கு 1929-ல் போனது. அங்கெல்லாம் இப்போது ஒருசில குழுக்கள்தான். நம் நாட்டு மேளாக்களில்தான் கார் வரைக்கும் சுவரில் ஏறுகிறது.

பெண்கள் ஓட்டுவதில்லையா?

வடக்கே மேளாக்களில் ஓட்டுகிறார்கள். எங்கள் படத்தில் வரும் குழுவில் இல்லை. டிக்கெட் கிழிப்பவர் சாச்சாவின் மனைவி. ஒரு சுற்றில் இஞ்சின் சத்தம் மாறியதை டிக்கெட் மேசையில் இருந்தே கேட்டுவிட்டு எழுந்து ஓடியவர் அவர்தான். அந்தக் காட்சி கேமராவில் விழவில்லை, எனக்கு இன்னும் வருத்தம்.

இதைத் தடை செய்துவிடலாமே?

இதைக் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. தடை செய்தால் இந்தக் குழுவில் இருக்கும் பதினொரு பேரும் நாளைக்கு வேறு ஏதோ ஓர் ஊரில் கட்டட வேலையில் சாரத்தின்மேல் நிற்பார்கள். அங்கே விழுந்தால் நம் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க வேண்டியவை வேறு. பொருட்காட்சிக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கட்டுமானத்துக்குப் பொதுப்பணித் துறைச் சான்று வேண்டும், தீயணைப்புத் துறை பார்க்க வேண்டும். ராட்டினத்தின் போல்ட்டைப் பார்க்கும் அதிகாரி கிணற்றின் பலகையையும் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். ஆட்டம் இல்லாத மழை நாளுக்குப் பாதிக் கூலியாவது ஒப்பந்தத்தில் எழுதட்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் அட்டை குழுவில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து ஒரே காலையில் பதிந்து கொடுத்தோம். 2021-லிருந்து இருக்கிற வசதி, செலவும் இல்லை. ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமர் விபத்துக் காப்பீட்டை வங்கிக் கணக்குள்ள யாரும் எடுக்கலாம். 18 வயதிலிருந்து 70 வரை. ஒருவர்கூட எடுத்திருக்கவில்லை, யாரும் சொன்னதில்லையாம். உங்கள் ஊருக்கு வரும் குழுவிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு சாயா நேரம் போதும்.

இங்கிருந்து அவர்கள் எங்கே போனார்கள்?

கேரளத்துக்கு. ஓணம் வருகிறதே. இரண்டு லாரி. பிரிக்க ஒன்றரை நாள், ஏற்ற அரை நாள். பதினேழாம் பலகை கடைசியாக ஏறியது.

ரைடர்கள் படத்தைப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில், கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த வாரம் நானும் நண்பனும் பஸ் ஏறி அவர்கள் இருந்த ஊருக்குப் போனோம். ஏத்தங்காய் சிப்ஸும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கிப் போயிருந்தோம். கூடாரத்தில் அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை அரிசிச் சாக்கின்மேல் வைத்துப் போட்டோம்.

இளையவருக்குத் தான் கை விட்டு ஓட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஒரே சிரிப்பு. ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று அதை மட்டும் போனில் வாங்கிக்கொண்டார். சாச்சா பேசவே இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் பைக் சுவரின் பாதி உயரத்தில் சுற்ற, கேமரா எதிர்ப்பக்கச் சுவரையே பார்த்து நிற்குமே, அங்கே நிறுத்தச் சொன்னார். அயினிக்கும் பதினெட்டாம் பலகைக்கும் நடுவில் விரலை வைத்தார். திரையில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இங்கே கொஞ்சம் ஏறி நிற்கிறது" என்றார்.

நாங்கள் படம் எடுத்தது ஆடியில் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் அதற்குள் சுத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தட்டும் சத்தம் வந்தது.